மருந்து ஏறும்போது ஒரு சண்டை

சித்திக்கு இந்தச் செய்தி தையல்காரர் மூலம் வந்தது. தையல்காரருக்கு அவருடைய மச்சான் சொல்லியிருக்கிறார். மச்சானுக்கு எப்படித் தெரியும் என்று சித்தி கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்தியின் ருசி குறைந்திருக்கும். உடனே எனக்குப் போன் போட்டுவிட்டாள்; அலுவலகப் படிக்கட்டில் நின்றபடி கேட்டேன்.

“அந்த டயாலிசிஸ் ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸ் இருக்காளாம்டி. நரம்புல மருந்து ஏத்தறப்போ நோயாளியோட சண்டை போடறாளாம். சும்மா இல்ல, வாயைப் பிடுங்கிப் பிடுங்கிச் சண்டை. ஒருத்தரு தேம்பித் தேம்பி அழுதுட்டாராம். போயும் போயும் அங்கயா உங்கம்மாவைச் சேர்த்திருக்கே?”

சித்தி சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பாதியை என்பதுதான் தெரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். கடல் தாண்டி இருப்பவள் விமானத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். எடுத்தேன்.

பயப்படக் காரணம் இருந்தது. அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் மெஷின்தான் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்து தருகிறது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, தன்னுடையதில் ஒன்றைத் தருவதாகச் சொல்லி, பரிசோதனைகள் முடிந்து, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது. குறுக்கே நின்றது ஒன்றுதான். அம்மாவின் ரத்தத்தில் சத்து அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. அதை ஏற்ற நரம்பு வழியாக இரும்பு மருந்து போட வேண்டும். போடாவிட்டால் வேறொருவரின் ரத்தத்தை ஏற்ற வேண்டிவரும். அப்படி ஏற்றினால் அம்மாவின் உடம்பு வெளியாளை எதிர்க்கப் பழகிக்கொள்ளலாம், பிறகு மாமாவின் சிறுநீரகத்தையும் அது எதிரியாகப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆக, எல்லாம் ஒரு சின்னப் புட்டியில் இருந்த பழுப்பு நிற மருந்தில் வந்து நின்றது.

அம்மாவோ அதை வேண்டாம் என்றாள். முன்பு வேறோர் இடத்தில், வேறு வகை இரும்பு மருந்தை அவசர அவசரமாக ஓட்டிவிட்டதில் அவளுக்கு நெஞ்சு இறுகி, முதுகு வலியில் பிளந்து, கண் இருண்டுவிட்டது. அதிலிருந்து இரும்பு என்ற சொல்லைக் கேட்டாலே உதட்டை மடித்துக்கொண்டுவிடுவாள். இப்படிப்பட்டவள் பக்கத்தில் மருந்தும் கையுமாக ஒருத்தி நின்று சண்டையும் போட்டால்?

டயாலிசிஸ் அறை நான் கற்பனை செய்ததைவிட வெளிச்சமாக இருந்தது. வரிசையாகச் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயரத்துக்கு ஒரு மெஷின், அதன் முகத்தில் நிதானமாகச் சுற்றும் உருளை. மெஷினைக் கழுவும் திரவத்தின் புளித்த வாடை மூக்கில் ஏறியது. ரத்தம் உடம்பை விட்டு வெளியே போய் ஒரு சுற்று சுற்றி வருவதால் எல்லோருக்கும் குளிர், கழுத்துவரை போர்வை. ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருக்கும். அதில் இரண்டு ஊசிகள். ஒன்று ரத்தம் போக, மற்றொன்று திரும்பி வர. திரும்பி வரும் குழாயிலேயே மருந்துக்கு ஒரு சின்ன வாசல் வைத்திருக்கிறார்கள். மருந்து போட நரம்பைத் தேட வேண்டாம், குத்த வேண்டாம், நோயாளிக்கு எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது. பார்ப்பவருக்கு இதென்ன பெரிய வேலை என்று தோன்றும். ஆனால் அந்த வாசலில் நுழைந்த மருந்து நேரே இதயத்துக்குப் போகிறது. கூப்பிட்டால் திரும்பி வராது.

உள்ளே நுழையும்போதே சத்தம் கேட்டது. கட்டை குட்டையாக, அகன்ற தோள்களோடு, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒரு நர்ஸ். நாற்காலியில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர்.

“கால்குலேட்டர் வந்தப்புறமும் உங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்களா சார்? போன்ல தட்டினா விடை வருது. நீங்க எதுக்கு?”

“தட்டினா விடை வரும் சிஸ்டர். எதைத் தட்டணும்னு எவன் சொல்லுவான்?”

“அதையும் போனே சொல்லுதாம்.”

“அப்ப ஊசியையும் போனையே போடச் சொல்லுங்க! நீங்க எதுக்கு இங்க தண்டத்துக்கு நிக்கறீங்க?”

வாத்தியாருக்கு மூச்சு வாங்கியது கோபத்தில்தான். நர்ஸ் முகத்தில் அப்படியொரு திருப்தி. அப்போதுதான் அவருடைய கட்டைவிரலைக் கவனித்தேன். ஊசிக்குழாயின் தண்டின்மேல் இருந்தது. நகர்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத வேகத்தில் அது இறங்கிக்கொண்டிருந்தது. கண்கள் வாத்தியாரின் உதட்டுக்கும் கழுத்துக்கும் மெஷினில் ஓடும் எண்களுக்கும் மாறி மாறிப் போய் வந்தன. வாய் மட்டும்தான் சண்டை போட்டது. மற்ற எல்லாம் வேலை பார்த்தன.

பக்கத்து நாற்காலியில் மெலிந்த மனிதர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தையல்காரர் வீட்டு மச்சான் நான்தான். உங்க சித்தி ஏதாவது சொல்லியிருப்பாங்களே?”

“யாரோ அழுதுட்டாங்கன்னு சொன்னாங்க.”

“அழுதது நான்தான்மா. ஆனா வக்கீல் சிஸ்டர் போட்ட சண்டையில இல்ல.” அறையில் எல்லோரும் அந்த நர்ஸுக்கு வைத்திருந்த பெயர் அது. “புதுசா வந்த பொண்ணு ஒண்ணு, இவங்களைப் பார்த்துத் தானும் சண்டை போடறேன்னு கிளம்பி, என் வீட்டுக்காரி சமையலைக் கிண்டல் பண்ணிடுச்சு. அவ போய்ச் சேர்ந்தது அதுக்குத் தெரியாது. பாவம், அதுவும் என்கூட உக்காந்து அழுதுச்சு. அன்னைக்கு வக்கீல் சிஸ்டர் அதுக்குச் சொன்னாங்க, ‘எங்க தட்டினா சத்தம் வரும், எங்க தட்டினா உடையும்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கையை வை’ன்னு. என்கிட்ட அவங்க சண்டை போடறது என் மச்சான் தைக்கற சட்டையைப் பத்திதான். அதுல நான் எவ்வளவு வேணா பேசுவேன்.”

“ஏன் சண்டை போடணும்?”

அவர் பதில் சொல்வதற்குள் நர்ஸின் குரல் என் பக்கம் பாய்ந்தது. “என்ன வெளிநாடு, அங்கயே நிக்கறீங்க? உள்ள வர விசா வேணுமா? அம்மா பக்கத்துல நாற்காலி இருக்கு, உக்காருங்க.”

அன்றிலிருந்து எனக்கு அந்த ஆஸ்பத்திரியில் பெயர் ‘வெளிநாடு’.

பின்பக்கப் படிக்கட்டில் வக்கீல் சிஸ்டர் தேநீர் குடிக்கும் இடைவேளையில் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. அவருக்குப் பேசப் பிடிக்கும், தன்னைப் பற்றிப் பேச இன்னும் பிடிக்கும். அதில் கூச்சமே கிடையாது. அவருடைய அப்பா காய்கறிச் சந்தையில் ஏலம் விடுபவராம். கூட்டத்தில் யார் குரல் எப்போது உடைகிறது என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாராம். குரல் உடைந்தால் அந்த ஆள் அதற்கு மேல் ஏற மாட்டான்.

“அந்தக் காதும் அப்பாவுது, இந்தத் தொண்டையும் அப்பாவுது. நர்சிங் படிக்கறப்போ வார்டன் தினமும் சொல்லும், குரலைத் தாழ்த்து, குரலைத் தாழ்த்துன்னு. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல தாழ்த்திக்கிட்டுத்தான் இருந்தேன். எல்லாரையும் மெதுவாக் கேப்பேன், ‘எப்படி இருக்கு?’ன்னு. ஒரு தபால்காரர் வருவாரு. தங்கமான மனுஷன். யாருக்கும் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு பொறந்தவரு. அவருக்குக் கிருமி மருந்து ஓடுது. எப்படி இருக்குங்கறேன். ‘பரவாயில்லைம்மா’ங்கறாரு. கொஞ்சம் கழிச்சு எப்படி இருக்குங்கறேன். ‘பரவாயில்லைம்மா.’ உதடு வீங்கிக்கிட்டு இருக்கு, மூச்சு அடைக்குது, அப்பவும் பரவாயில்லையாம்! நான் வேற ஆள் பக்கம் திரும்பிட்டேன். மெஷின் கத்தினப்புறம்தான் ஓடி வந்தேன்.”

“பிழைச்சாரா?”

“பிழைச்சாரு. கண்ணைத் திறந்ததும் முதல் வார்த்தை என்ன தெரியுமா? ‘பரவாயில்லைம்மா.’ எனக்கு வந்ததே கோவம்! அழுதுக்கிட்டே திட்டினேன். அந்த மனுஷன் வாழ்க்கையில முதல் தடவையா எதிர்த்துப் பேசினாரு. பேசறப்போ அவருக்கு எங்க மூச்சு தட்டுது, எங்க வார்த்தை தேடறாருன்னு அப்படியே தெரிஞ்சுது எனக்கு. அன்னைக்குப் புரிஞ்சுது. மரியாதையாப் பேசறவங்க உடம்பை மறைச்சுடுவாங்க. சண்டையில ஒண்ணையும் மறைக்க முடியாது.”

சண்டை போடும் நோயாளி அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். தலை சுற்றத் தொடங்கினால், நாக்கு தடித்தால், நெஞ்சில் ஏதோ ஏறினால், முதலில் வார்த்தைதான் தடுக்கும். அந்த ஒரு தடுக்கலில் வக்கீல் சிஸ்டரின் கட்டைவிரல் நின்றுவிடும். கணக்கு வாத்தியார் ஆரம்பத்தில் கெட்டிக்காரத்தனமாக வாய்ப்பாடு ஒப்பித்துப் பார்த்திருக்கிறார். ‘வாய்ப்பாடு தூக்கத்துலயும் வரும் சார், கோவம் முழிச்சிருந்தாத்தான் வரும்’ என்று சிஸ்டர் சொல்லிவிட்டாராம். அவருடைய நாற்காலிகளில் ‘பரவாயில்லை’ தடை செய்யப்பட்ட சொல்.

டாக்டரிடமும் கேட்டேன். அதிர்ந்து பேசத் தெரியாத பெண்மணி அவர். “மெஷின் விட்டு விட்டுத்தான் பிரஷர் பாக்கும். சிஸ்டர் விடாமப் பாக்கறாங்க,” என்றார். “அதுக்காக அவங்க மெஷினை விட்டுடறதும் இல்ல. அவசர மருந்துத் தட்டு பக்கத்துல இல்லாம ஒரு சொட்டு போட மாட்டாங்க. என்னையே ஒரு நாள் வாசல்ல நிறுத்தி, ‘டாக்டர், மருந்து பேரைச் சத்தமாப் படிங்க’ன்னாங்க. படிச்சேன்.” சொல்லும்போது அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது.

வீட்டிலும் இப்படித்தானா என்று வக்கீல் சிஸ்டரைக் கேட்டால், “சே சே, வேலையை வீட்டுக்குக் கொண்டு போற பழக்கமே எனக்கு இல்ல” என்பார். வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஒரு நாள் இவரை அழைத்துப்போக வந்திருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசாமல், பையை ஆளுக்கொரு காதில் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்து போனார்கள்.

அம்மாவிடம்தான் அவர் வித்தை பலிக்கவில்லை.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள். யார் கத்தினாலும், யார் அழுதாலும் ஒரே சுருதியில் பதில் சொல்லி, லைனைப் போட்டுக் கொடுத்துப் பழகிய குரல். பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது பேசச் சொன்னாலும் அதே குரலில்தான் பேசுவாள். இரும்பு மருந்துக்கு அவள் சம்மதிப்பது ஒரு பக்கம், சம்மதித்தால் அவள் குரலை எதை வைத்துப் படிப்பது என்பது வக்கீல் சிஸ்டரின் கவலை. அதனால் மருந்து எதுவும் இல்லாமலே முன்கூட்டி வேலையைத் தொடங்கினார்.

“இந்தப் போர்வையை யாரு எடுத்துக் குடுத்தா? கண்ணு கூசுது.”

“அப்படியா சிஸ்டர்? அடுத்த தடவை வேற கொண்டு வரேன்.”

“உங்க தம்பி கிட்னி தராராமே. அவரு குணமும் கூடவே வந்துடும், பாத்துக்குங்க.”

“வரட்டுமே. அவன் படுத்த உடனே தூங்கிடுவான்.”

“உங்க பொண்ணு நல்லா இருக்கா. உங்களை இங்க விட்டுட்டு அங்க போய் ஜம்முனு உக்காந்துட்டா.”

“அவ வேலை அங்கதானே சிஸ்டர். வர முடியறப்போ வந்துடறாளே.”

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். வக்கீல் சிஸ்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். “இவங்க குரல் சிமெண்டு பூசின தரை மாதிரி இருக்கு. எங்க தொட்டாலும் வழவழ. எப்ப கோவம் வரும்னு உங்களுக்காவது தெரியுமா, வெளிநாடு?”

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன். அம்மா கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

மறுபடி டயாலிசிஸ் நாள். அம்மாவின் போன் அடித்தது. ஒரு மணி முழுதாக அடித்து முடியும் முன்னால் எடுத்துவிட்டாள். எப்போதும் அப்படித்தான். இரண்டாவது மணி அடிக்க விடுவது அவளுக்கு மானக்கேடு. சித்திதான். பேசி முடித்ததும், பக்கத்து மெஷினில் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த வக்கீல் சிஸ்டர் திரும்பினார்.

“அடேயப்பா, என்ன வேகம்! எங்க பழகினது?”

“எக்ஸ்சேஞ்சுல.”

“ஓ. ஒட்டுக் கேக்கற வேலையா?”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அம்மாவின் முகம் மாறியது. போர்வையை மார்பிலிருந்து தள்ளினாள்.

“என்ன சொன்னீங்க?”

வக்கீல் சிஸ்டர் குழாயை விட்டுவிட்டு மெதுவாக வந்து, அம்மாவுக்கு நேரே நின்றார். “இல்ல, ஊர்ல யாரு வீட்டுல என்ன நடந்தாலும் உங்களுக்குத்தான் முதல்ல தெரியுமாமே?”

“எவ சொன்னா? கூட்டிட்டு வாங்க அவளை! லைனைப் போட்டுட்டு, பேச்சு ஆரம்பிச்சுதான்னு ஒரு நொடி கேப்போம். ஆரம்பிச்சதும் எங்க காதுக்குக் கேக்காதபடி சாவியைத் தள்ளிடுவோம். அதுக்கு மேல கேட்டா வேலை போயிடும். வேலை போறது இருக்கட்டும், மனசாட்சின்னு ஒண்ணு இல்லையா?”

“மனசாட்சி சாவியைத் தள்ளுமா?”

“தள்ளும்! அவசரம்னு லைன் கேக்கறவங்களே விஷயத்தைச் சொல்லிடுவாங்க. என் கை வழியா சாவுச் செய்தி போயிருக்கு. பிள்ளை பிறந்த செய்தி போயிருக்கு. எதிர் வீட்டுக்காரிக்குக் கல்யாணம் நின்னு போன செய்தி என் வழியாத்தான் போச்சு. மறுநாள் அவ வந்து, விஷயம் தெரியுமான்னு என்னையே கேக்கறா. தெரியாதுன்னேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு வார்த்தை வெளியில விட்டதில்ல. என்னைப் போய்...” குரல் உயர்ந்து, கீறி, ஓர் இடத்தில் உடைந்து, மறுபடி சேர்ந்து எழுந்தது. அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தையல்காரரின் மச்சான் எட்டிப் பார்த்ததில் குழாய் மடங்கி அவருடைய மெஷின் அலறியது. இத்தனை வருஷமும் இப்படியொரு குரல் அம்மாவுக்குள் இருந்ததா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வக்கீல் சிஸ்டர் முகமெல்லாம் மலர்ந்தது. “அப்பாடா. வந்துட்டீங்களா? மீதியை மருந்து ஏறுறப்போ கேட்டுக்கறேன்.”

“மருந்து வேண்டாம்னு சொல்லிட்டேனே.”

“சரி, வேண்டாம். அப்ப ஒட்டுக் கேட்டவங்களாவே இருந்துட்டுப் போங்க.” அலறிய மெஷினைப் பார்க்கப் போய்விட்டார்.

வீடு திரும்பியும் அம்மாவுக்கு ஆறவில்லை. “அது எப்படி அந்தம்மா அப்படிச் சொல்லலாம்?” என்று அடுக்களைக்கும் கூடத்துக்குமாக நடந்தாள். சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றேன். “சொல்லிட்டுப் போகட்டுமா? உனக்கென்ன தெரியும்?” என்றாள். பிறகு உட்கார்ந்து, கையைப் பார்த்துக்கொண்டே, நான் கேட்காத ஒன்றைச் சொன்னாள். “அன்னைக்கு அந்த மருந்து போட்டப்போ, என்னமோ பண்ணுதுன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுதுடி. அந்த நர்ஸ் வந்து எப்படி இருக்குன்னுதான் கேட்டா. அவளுக்கு நிறைய வேலை. பரவாயில்லைன்னேன். அப்புறம் கூப்பிடணும்னு பாக்கறேன், பேச்சு வரலை. நான் தூங்கறேன்னு நினைச்சுட்டாங்க.”

இதை அடுத்த முறை வக்கீல் சிஸ்டரிடம் அம்மாவே சொன்னாள். அன்று அவர் சண்டை போடவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். ரத்தம் வந்து திரும்பும் அந்தக் கையின்மேல் இரண்டு விரலை வைத்து, உள்ளே ஓடும் அதிர்வைத் தொட்டுக்கொண்டே பேசினார்.

“இது அது இல்ல. வேற வகை. முதல்ல சொட்டுதான் விடுவேன். விட்டுட்டு நிறுத்திடுவேன். உங்ககூட நல்லாச் சண்டை போட்டுட்டு அப்புறம்தான் மிச்சம். என்னமோ பண்ணுச்சுன்னா நீங்க என்னைக் கூப்பிட வேண்டாம். நீங்க திட்டறதை நிறுத்தினாப் போதும். எனக்குத் தெரிஞ்சுடும்.”

அம்மா அந்த விரல்களைப் பார்த்தாள். “பாக்கலாம்” என்றாள். இது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. எக்ஸ்சேஞ்சில் லைனைப் பிடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கச் சொல்வது மாதிரி.

மருந்துக்கு டாக்டர் குறித்த நாளுக்கு முன்பே என் விடுப்பு முடிந்துவிட்டது. புறப்படும்போது வாசல்வரை வந்த வக்கீல் சிஸ்டர் என்னிடம் சொன்னார்: “மருந்து ஏறுறப்போ என் நாற்காலியில யாரும் போன் எடுக்கக் கூடாது. எடுத்தா அவங்க கவனம் உங்ககிட்ட வந்துடும், என்கூட நடக்கற சண்டை நின்னுடும். நீங்க கூப்பிட்டு உங்கம்மா எடுக்கலைன்னா மருந்து ஓடுதுன்னு அர்த்தம். அங்க உக்காந்துக்கிட்டு உசுரை விட்டுடாதீங்க.”

“எடுத்துட்டா?”

“எடுத்துட்டா, வேண்டாம்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம். அப்ப நான் வேற வம்பு தேடணும்.”

இன்று அந்த நாள். அலுவலகப் படிக்கட்டில், சித்தி முதலில் கூப்பிட்டபோது நின்ற அதே இடத்தில் நிற்கிறேன். அம்மாவின் எண்ணை அழுத்திவிட்டேன். ஒரு மணி முழுதாக அடித்தது. இரண்டாவது அடித்தது. அம்மா வாழ்நாளில் அடிக்க விடாத இரண்டாவது மணி. இன்னும் அடிக்கிறது. அந்தச் சத்தத்துக்கு வேறோர் அர்த்தமும் இருக்கலாம் என்று என் மனசு இழுக்கிறது. நான் அதை விட்டுவிட்டு, போர்வையைத் தள்ளிவிட்டு நிமிரும் அம்மாவையும், நகர்வது தெரியாமல் இறங்கும் அந்தக் கட்டைவிரலையும் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மணி அடிக்கிறது. எடுக்காதேம்மா. திட்டு. நன்றாகத் திட்டு.